மச்சான் பிடித்த கயிறு

வடையில் கல் இருந்தது.

சேலையூர் கேம்ப் ரோட்டில், பஸ்ஸும் பைக்கும் கிளப்பிய புழுதிக்கு நடுவே ஒரு டீக்கடை. அதன் வாசலில் நின்றபடி குப்பன் அந்தக் கல்லை நாக்கால் தள்ளி உள்ளங்கையில் எடுத்தான். மிளகளவு இருக்கும். அதைக் கடைக்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"இன்னாண்ணா, வடைக்குள்ள கல்லு வெச்சியா, கல்லு மேல வடை சுட்டியா?"

"உனுக்குன்னு ஸ்பெசலா போட்டது. பல்லு கீதில்ல? கடி," என்றார் கடைக்காரர், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குப்பனின் மனைவி பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய தம்பி இளமாறன் தோளில் நீலக் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்தான். குப்பன் அந்தக் கல்லை அவன் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொடுத்தான்.

"வெச்சிக்கோ மச்சான். சிம்னில சந்து கிந்து இருந்தா இத்த வெச்சி அடைச்சிடலாம்."

இளமாறனும் சிரித்தான். பயம் கலக்காமல் அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

மூவரும் நாவலூருக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரர்கள். மீன் படுகிற நாளில் கடல். படாத நாளில் கயிறு. நாவலூர் பக்கம் எழும்பிக்கொண்டே போகும் அடுக்குமாடிகளில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பார்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவார்கள். அப்படி ஒரு கட்டடத்தில் குப்பன் தொங்குவதைக் கீழே நின்று பார்த்துவிட்டுத்தான் ஃபிரெடி அவர்களைக் கூப்பிட்டிருந்தார்.

ஃபிரெடிக்கு ஐம்பது வயது இருக்கும். தாத்தா ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்தபோது கட்டிய பங்களா, கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவின் கோடியில், இரண்டு புது அப்பார்ட்மென்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அதை பேக்கரியாக மாற்ற வேண்டும், பழைய விறகடுப்பிலேயே ரொட்டி சுட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"அடுப்பு நல்லா இருக்கு. சிம்னிதான் ப்ராப்ளம்," என்றார் அவர், வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய். "உள்பக்கம் பூச்சு எல்லாம் கொட்டிடுச்சு. செங்கல் லூசா நிக்குது. இடிக்க மனசு வரல. உள்ளே இறங்கிச் சுண்ணாம்பு வெச்சு சந்தெல்லாம் அடைச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

குப்பன் அண்ணாந்து பார்த்தான். சமையலறைக் கூரைக்கு மேலே அகலமாக, கறுத்துப்போய் நின்றது அந்தப் புகைபோக்கி. ஓர் ஆள் தாராளமாக இறங்கலாம். உயரமும் பிரமாதம் இல்லை. பக்கத்தில் நின்ற தென்னை அதைவிட உயரம்.

"இம்மாம் பெரிய சிம்னிய எப்ப சார் கடைசியா பத்த வெச்சீங்க?"

"நான் பொறந்ததுலருந்து பார்த்ததில்ல. அப்பாவும் பத்த வெக்க விட்டதில்ல. ஏன்னு கேட்டா பேச்சை மாத்திடுவார்."

இளமாறன் வேறொன்றைக் கவனித்தான். தென்னையில் காகம். தண்ணீர்த் தொட்டியில் காகம். அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவில் நெருக்கியடித்துக்கொண்டு காகம். சிம்னியின் மேல் மட்டும் ஒன்றுகூட இல்லை. எச்சத்தின் சுவடுகூட இல்லை.

ஃபிரெடி போன் பேசிக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார். வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்த அஞ்சம்மாள், துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு வந்து, அவர்கள் கயிறு பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவன் உள்ள எறங்கறது?"

"நான்தான்," என்றான் குப்பன்.

"மேல கவுறு புடிக்கிறவன் உனுக்கு இன்னா வேணும்?"

"மச்சான். எம் பொண்டாட்டிக்குத் தம்பி."

அஞ்சம்மாளின் முகம் மாறியது.

"கூடப் பொறந்தவ புருசனுக்குக் கவுறு புடிக்க வந்துகிறான்," என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "இத்தினி நாளு காத்துகினு இருந்துச்சு."

"எது ஆயா?"

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். "கெழவிக்கு வெயில் ஏறிப் போச்சு," என்றான் குப்பன். பொன்னி சிரிக்கவில்லை.

அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலடிப் பாறையில் வலை சிக்கிக்கொண்டால் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்குவான். படகில் அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் முங்குகிறவனின் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள். பங்குச் சண்டை இருக்கும். சிநேகிதனையும் நம்ப மாட்டார்கள். நேற்று ஏதாவது மனத்தாங்கல் வந்திருக்கும். மச்சான் விட மாட்டான். விட்டால் தாலி அறுவது அவன் கூடப்பிறந்தவளுக்கு. மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்று ஊரெல்லாம் வாயால் சொல்வதை அவர்கள் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கயிறு பேசும்போது வாயை நம்பக் கூடாது. தொட்டிக்குள் குரல் எதிரொலித்துத் திரியும். உயரத்தில் காற்று ஒருவன் குரலை இன்னொருவன் காதில் கொண்டுபோய்ப் போடும். அதனால் எல்லாமே இழுப்பில்தான். ஒரு இழுப்பு என்றால், நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால், கயிறு விடு. மூன்று என்றால், தூக்கு.

குப்பனின் இழுப்பு இளமாறனுக்கு அத்துபடி. படகு இன்ஜினில் சிக்கி இடது மோதிர விரலில் பாதி போனதிலிருந்து அவன் எதையும் நிதானமாகப் பிடித்து இழுக்க மாட்டான். வெடுக்கென்று, கோழி கொத்துகிற மாதிரி ஒரு இழுப்பு.

வெயில் உச்சிக்கு வந்த நேரம். இளமாறன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய இரும்புத் தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சச் சுருளைக் காலடியில் போட்டுக்கொண்டான். நாவலூரில் பதினாலு மாடிக் கட்டடத்துக்கென்று வாங்கிய கயிறு அது. பொன்னி கீழே சமையலறையில், அடுப்பின் வாய்க்கு முன்னால் கூடையோடு உட்கார்ந்தாள். மேலிருந்து விழும் காரையை அள்ளுவது அவள் வேலை.

குப்பன் சுண்ணாம்புச் சட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு சிம்னி விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். உள்ளே குனிந்து மோந்து பார்த்தான்.

"மச்சான், கறி வாசனை வர்ல?"

இளமாறனுக்கும் வந்தது. கரி வாடையோ, வௌவால் நாற்றமோ வர வேண்டிய இடத்தில், பச்சை விறகு எரியும் மணமும் மசாலா வறுபடும் மணமும் வந்தன. எந்த வீட்டிலோ விருந்து.

"பக்கத்து வூட்ல சமைக்கறாங்க மாமா."

"எனுக்கும் ஒரு எல வாங்கி வெய்யி," என்று சொல்லிவிட்டுக் குப்பன் உள்ளே இறங்கினான்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கரண்டியின் கரகரப்பு. உதிர்ந்த காரை விழும் சத்தம். கீழிருந்து பொன்னியின் இருமல். வெடுக்கென்று இரண்டு இழுப்பு. இளமாறன் கொஞ்சம் கயிறு விட்டான். மறுபடி கரகரப்பு. விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்துப் போனது.

அதன் சத்தம் தேய்ந்தபோது, கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது.

இரண்டு இழுப்பு வந்தது.

இளமாறன் விட்டான். இழுப்பு கொஞ்சம் மெதுவாக, நீளமாக இருந்ததை அவன் கை கவனித்தது. சுண்ணாம்புக் கை, வழுக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி இரண்டு. விட்டான்.

மறுபடி இரண்டு.

"மாறா!" கீழே முற்றத்தில் வந்து நின்று பொன்னி கத்தினாள். "இன்னாடா பண்றாரு? கல்லு மண்ணு ஒண்ணும் வுழலயே!"

"எறங்கிகினே கீறாருக்கா. கவுறு கேக்கறாரு."

"எங்கடா எறங்கறாரு? கால்கூடத் தெரியலடா!"

அவன் காலடியைப் பார்த்தான். சுருளில் பாதி போயிருந்தது. அந்தச் சிம்னியின் உயரத்துக்கு அதில் கால்வாசிக்கும் கால்வாசி போதும்.

இரண்டு இழுப்பு.

அப்போதுதான் குப்பனின் குரல் வந்தது. ரொம்ப தூரத்திலிருந்து, கிணற்றுக்குள் கிணறு வெட்டி அதற்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி.

"வுடாத மச்சான்! வுடாத!"

கயிறு 'விடு' என்றது. வாய் 'விடாதே' என்றது.

நாவலூரில் ஒருமுறை பக்கத்துக் கட்டடத்துக்காரன் போட்ட கூச்சலைக் கேட்டுக் கயிற்றை இழுத்து ஒருவன் காலை உடைத்தவர்களை இளமாறன் பார்த்திருக்கிறான். குரலை நம்பாதே, கயிற்றை நம்பு. மீசை முளைக்கும் முன்னரே கைக்குப் பழகிய விதி அது. அவன் மனம் யோசித்து முடிப்பதற்குள் கை விட்டுவிட்டது.

விட்டதும் கயிறு ஓட ஆரம்பித்தது.

தூணில் உரசி, புகைந்து, சுருள் சுருளாகத் துள்ளிக்கொண்டு ஓடியது. பதினாலு மாடிக் கயிறு, ஒரு மாடி வீட்டுச் சிம்னிக்குள். அவன் தாவிப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. நுனி கைக்கு வந்தபோதுதான் நின்றது. காலைத் தூணில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து நின்றான்.

"மாமா!"

"அக்கா! அடுப்புக்குள்ள பாரு!"

பொன்னி ஓடினாள். அடுப்புக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தாள். சிம்னி வழியாக அவள் குரல் மேலே வந்தது. தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"மாறா, வானம் தெரியிதுடா."

"கவுறு?"

"கவுறே இல்லடா. வெறும் வானம்தான் தெரியிது."

அவன் கையில் கயிறு இறுகி நின்றது. அதன் மறுமுனையில் ஒரு கனம் தொங்கியது.

அப்புறம் மூன்று இழுப்பு வந்தது. மெதுவாக. நீளமாக.

தூக்கு.

அவன் தூக்கினான். அழுதுகொண்டே, அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே, கையிலிருந்து வழிந்த ரத்தத்தில் கயிறு வழுக்க வழுக்க இழுத்தான். கனம் லேசாக ஏறி வந்தது. தானும் காலை ஊன்றி ஏறுகிறவனின் கனம். ஏழு மாடி தூக்கினான். பத்து மாடி தூக்கினான். கறி வாசனை திடீரென்று தீய்ந்த வாசனையாக மாறி முகத்தில் அறைந்தது.

சிம்னி விளிம்பில் ஒரு கை வந்து பதிந்தது.

இடது கை. கரி அப்பிய கை.

"மாமா," என்றான் இளமாறன். சிரிப்பும் அழுகையுமாக இன்னும் ஒரு முழம் இழுத்தான்.

விரல்கள் விளிம்பை இறுகப் பற்றின.

ஐந்தும் முழு விரல்.

அவன் கை நின்றது.

"தூக்கு மச்சான்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை. ரொம்ப நாள் பேசாமல் இருந்துவிட்டு, பேச்சு எப்படி என்று நினைவுபடுத்திப் பேசுகிற குரல்.

அதே கணத்தில், அந்தக் கைக்குக் கீழே, எவ்வளவோ ஆழத்தில், கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டது.

நன்றாக இருக்கிறேன்.

இளமாறனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குப்பன் கயிற்றின் முனையில் இருக்கிறான். அவனுக்கு மேலே, அதே கயிற்றைப் பற்றிக்கொண்டு, வேறொன்று இருக்கிறது. கயிற்றை விட்டால் அக்கா புருஷன் போய்விடுவான். இழுத்தால் முதலில் வருவது அக்கா புருஷன் இல்லை.

"தூக்கு மச்சான்."

அவன் இழுக்கவில்லை. விடவும் இல்லை. மேலே வந்த கயிற்றை இரும்புத் தூணில் சுற்றி, சுற்றியதன் மேல் சுற்றி, படகைக் கட்டும் முடிச்சைப் போட்டான். போட்டு முடித்துத் திரும்பினான்.

கை இன்னும் அங்கேதான் இருந்தது. அவசரமே இல்லாமல், ஒரு விரல், அடுத்த விரல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. அடுப்புக்குள் விளக்கடித்தார்கள், மேலிருந்து கேமரா இறக்கினார்கள். காலியான சிம்னி. மாடியில் நான்கு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள், அசையவில்லை. செங்கல் இடுக்கில் மாட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். கயிறு எந்த இடுக்கில் போகிறது என்று யாரும் குனிந்து பார்த்துச் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர், "வீட்ல ஏதும் சண்டையாம்மா? சொல்லாம கொள்ளாம எங்கயாவது போற ஆளா?" என்று பொன்னியைக் கேட்டார். அறுத்துப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் கத்தியை எடுத்துக் கயிற்றில் வைத்தார். பொன்னி ஓடிவந்து கத்திக்கும் கயிற்றுக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தாள்.

சிம்னியை இடிக்கலாமா என்று ஃபிரெடி கேட்டபோதும் அவள்தான் தடுத்தாள். "இடிச்சிட்டா அவரு எந்த வழியா சார் வருவாரு?"

ஃபிரெடி பேக்கரி யோசனையை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினார்.

கயிறு ஓடிய அன்று சாயங்காலம் வாசலில் அஞ்சம்மாள், யாரும் கேட்காமலே சொன்னாள். அவளுடைய மாமியார் காலத்துக் கதை. ஃபிரெடியின் தாத்தா பெரிய துரையாக இருந்தபோது இதே வீட்டில் விருந்து. சிம்னியில் காக்காய்க் கூடு அடைத்துப் புகை திரும்புகிறது என்று ஓர் ஆளை இறக்கினார்கள். ஒண்டிக்கட்டை, கல்யாணம் ஆகாதவன். அவனுக்கு மச்சான் ஏது? வீட்டு வேலைக்காரன் ஒருவன் மேலே கயிறு பிடித்தான். கீழே இருந்து யாரோ கூப்பிட்டார்கள் என்று கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்து இழுத்தால் வெறும் கயிறு.

"ஏறிக் குதிச்சு ஓடிட்டான்னு பேசிகினாங்கோ," என்றாள். "விருந்தாளிங்க வந்துகினு இருந்தாங்கோ. நேரமாச்சுன்னு அடுப்பப் பத்த வெச்சுட்டாங்கோ."

இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

பொன்னி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. குப்பத்தில் பேசினார்கள். "கவுறு அறுந்திச்சா? முடிச்சு அவுந்திச்சா? அப்பறம் இன்னா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தாள். வேலை இல்லாத நாளெல்லாம் இளமாறன் சேலையூருக்கு பஸ் ஏறிப் போய் அந்த மாடிக்கு ஏறுவான். சாவி அஞ்சம்மாளிடம் இருந்தது. கயிற்றை ஒருமுறை இழுப்பான். கீழிருந்து வெடுக்கென்று ஒன்று வரும். அதன் பின்னால், கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, நீளமாக இன்னொன்று வரும். அப்புறம் அந்த நீளமான கையே மூன்று முறை இழுக்கும்.

வீட்டுக்குப் போனதும் பொன்னி கேட்பாள்.

"இன்னா சொல்லிச்சு?"

"நல்லா கீறாராம்."

"அப்ப தூக்கேன்டா. ஏன்டா தூக்க மாட்டேன்ற?"

"மாட்டிகினு கீதுக்கா."

அந்தக் கையைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள், விடியவிடியப் பெய்து ஓய்ந்த மழைக்குப் பிறகு, அவள் அவன் பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டாள். "இன்னிக்கு ரெண்டு பேரா இழுக்கலாம். நான் அவரு பொண்டாட்டி. எனுக்கு வராம எங்க போவாரு?" என்றாள். தடுக்கத் தடுக்க ஏணி ஏறினாள்.

மாடியெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தூணிலிருந்து சிம்னி வரை ஓடிய கயிறு வெயிலில் நீலம் போய் வெளுத்திருந்தது. தென்னையில் காகங்கள் இறகை உதறிக்கொண்டிருந்தன. பொன்னி நேராகச் சிம்னியிடம் போய், அதைக் கட்டிக்கொள்வதுபோல நின்றாள்.

"இன்னாடா இது?"

விளிம்பில் கரித்தடம் ஒன்று இருந்தது. இரண்டு மழைக்காலம் பெய்தும் கரையாத ஒரு கைத்தடம். இடது கை.

அவள் முகம் மலர்ந்தது. கணவன் தோளில் கை வைப்பதுபோல, தன் கையை அந்தத் தடத்தின் மேல் மெல்ல வைத்தாள். கட்டைவிரல் மேல் கட்டைவிரல். ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரலுக்கு வந்ததும் அவள் கை நின்றது. முழுசாக இருந்த அந்த விரலை, அடியிலிருந்து நுனிவரை, ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

இளமாறன் தூணருகே உட்கார்ந்து கயிற்றின் மேல் கை வைத்தான்.

மூன்று இழுப்பு வந்தது. மெதுவாக, நீளமாக. தூணில் கயிறு முனகியது.

பொன்னி தன் கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். கரி ஒட்டவில்லை. வந்து தம்பியின் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து, அவன் கைக்குப் பக்கத்திலேயே கயிற்றின் மேல் தன் இரண்டு கையையும் வைத்தாள். ஆழத்திலிருந்து, இருவர் உள்ளங்கையிலும், வெடுக்கென்று ஒன்று வந்து தட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூக்காத," என்றாள். "வுடவும் வுடாத."

முடிச்சு அவன் போட்டபடியே இருந்தது. கயிறு தளரவில்லை.